பதினாறாம் பிளாக்கில் இல்லாத வீடு

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. நெய்வேலிக்காரர் இருவர் வெளியூரில் பார்த்துக்கொண்டால் பெயருக்கு முன்பே கேட்டுவிடுவார்கள்: "எந்த பிளாக்?" அங்கே சுரங்க ஊழியர்களின் டவுன்ஷிப் எண்ணிட்ட பிளாக்குகளாகப் பிரிந்திருக்கும். பிளாக்கே இல்லாத ஒருவனிடம் இதைக் கேட்டால் அவன் என்ன சொல்வான்? அந்த நினைப்பு என்னை விடவில்லை.

முதல் தொடக்கம்: 'மென்பொருள் உலகில் தூரம் என்பது...' வேண்டாம், கட்டுரை வாடை அடிக்கிறது.

இரண்டாவது: சென்னை, கோவை, புனே என்று ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து ஒரே மென்பொருளை எழுதிய மூவர், மூன்று வருடம் திரையில் மட்டுமே பார்த்துக்கொண்டவர்கள், 2016இல் முதன்முறையாக நேரில் கூடினார்கள். கூடிய இடம் நெய்வேலி. இது போதும்.

2

நெய்வேலியிலேயே கூடலாம் என்றவள் தேவயானி. அப்பாவுக்குச் சுரங்கத்தில் பர்மனென்ட் வேலை. அவள் வளர்ந்தது குவார்ட்டர்ஸில். கூட வேலைபார்க்கும் நிலவனும் அதே ஊர் என்று தெரிந்த அன்றே கேட்டாள், "எந்த பிளாக்?"

"பதினாறு" என்றான் அவன்.

[பொய். இவ்வளவு நல்ல பையன் ஏன் பொய் சொல்லவேண்டும் என்று எனக்கே உறுத்தியது. அடித்துவிட்டு வேறு எழுதினேன்: "பிளாக் இல்ல. சுரங்கத்துக்காக எங்க ஊரைக் காலி பண்ணாங்க, மாத்து இடத்துல இருக்கோம். அப்பா கான்ட்ராக்ட்ல போறார்." தேவயானி உடனே "அச்சச்சோ" என்றாள். அந்த "அச்சச்சோ"வுக்குப் பயந்துதான் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறான் என்று அப்போது புரிந்தது. பதினாறையே திரும்ப எழுதினேன்.]

அந்தப் பொய்யின் தயவில் இருவரும் சமமாகச் சண்டை போட்டார்கள். "மூளைய எங்கடா கழட்டி வச்ச?" என்பாள் அவள், அவன் எழுதிய நிரலைப் பார்த்து. அவனும் விடமாட்டான். உண்மை தெரிந்தால் அவள் பார்த்துப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிடுவாள். அதை அவனால் தாங்க முடியாது.

3

முதல் நாள் தேவயானி வீட்டில் சாப்பாடு. கை கழுவும்போது மூன்றாமவன், புனேயிலிருந்து வந்திருந்த அருள், "நாளைக்கு நிலவன் வீடு" என்றான். நிலவன் சரியென்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தான். அம்மாவுக்குப் போன் செய்தான்.

சாமியம்மாள் எத்தனை பேர் என்று விசாரித்தாள். பிறகு கேட்டாள்: "அவங்கள்லாம் நம்ம வூட்டுல சாப்புடுவாங்களாப்பா?"

"சாப்பிடுவாங்கம்மா."

மறுநாள் காலை அவள் பக்கத்து வீட்டில் நாற்காலிகளை இரவல் வாங்கி, துடைத்து, வாசலில் போட்டாள்.

4

மதியம். வாடகை வேன் கிளம்புகிறது. ஓட்டுநர் ராஜாங்கம் திரும்பிக் கேட்கிறார்: "எந்த பிளாக்குக்குங்க போவணும்?"

முடிவு ஒன்று: "அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, ஓட்டல்ல சாப்பிடலாம்" என்கிறான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சண்டை பழையபடி தொடர்கிறது.

முடிவு இரண்டு: "பிளாக் இல்லண்ணே, டவுன்ஷிப்ப விட்டு வெளிய போங்க" என்கிறான். தேவயானி அவனைத் திரும்பிப் பார்த்து

இதற்குமேல் ஓடவில்லை. "அச்சச்சோ" என்பாளா, "மூளைய எங்கடா கழட்டி வச்ச" என்பாளா? அவளை உருவாக்கியவன் நான், எனக்கே தெரியவில்லை.

அதற்குள் நிலவனின் போன் அடிக்கிறது. சாமியம்மாளின் குரல் வேன் முழுக்கக் கேட்கிறது. "எங்கப்பா வந்துகினு இருக்கீங்க? கொழம்ப எறக்கிட்டேன்."

முடிவை உங்களிடம் விடுகிறேன். ஆனால் முதல் முடிவை எடுப்பவர்கள், அந்த நாற்காலிகளைச் சாமியம்மாள் ஒவ்வொன்றாகப் பக்கத்து வீட்டுக்குத் திருப்பிக்கொண்டுபோய்க் கொடுப்பதையும் எழுதியாக வேண்டும். எனக்கு மனசு வரவில்லை.