இருவர் சரிபார்த்தது

எங்கள் கம்பெனி குளுக்கோஸ் பாட்டில் ஒவ்வொன்றிலும் 'இருவர் சரிபார்த்தது' என்று அச்சிட்டிருக்கும். முதல் ஆள் என் மனைவியின் தம்பி. இரண்டாவது நான். பாட்டிலை விளக்குக்கு நேரே தூக்கி, தூசி தும்பு மிதக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எப்படியும் நான் பார்ப்பேன் என்று மச்சான் போடுவான். அவன்தான் பார்த்துவிட்டானே என்று நான் போடுவேன். பதினோரு வருடமாக இந்த லட்சணம்தான். உலகமே இப்படி ஒருவர் தலையில் ஒருவர் கட்டிவிட்டுத்தான் நிம்மதியாகத் தூங்குகிறது.

மகளுக்குக் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவள் தலைமாட்டில் எங்கள் பாட்டில்தான் தொங்கியது. ஜன்னல் வெளிச்சத்தில், உள்ளே மெல்லிய நூல் ஒன்று நீந்திக்கொண்டிருந்தது.

நர்ஸைக் கூப்பிட்டேன். உடனே குழாயை மூடினாள். வார்டில் இருந்த பத்துக் கட்டில்களுக்கும் அதே சரக்குதான். எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். அவள் லேபிளைக் காட்டினாள்.

“ரெண்டு பேர் பாத்திருக்காங்க சார். அதை நம்பித்தானே ஏத்துறோம்?”

அந்த இருவரில் ஒருவன் நான் என்று சொல்லவில்லை. கம்பெனியில் சரிபார்த்தவர்கள் எழுதிக் கொடுத்தால் மொத்தத்தையும் நிறுத்தலாம் என்றாள்.

மச்சானை வரவழைத்தேன். நான் எழுதி வைத்திருந்த தாளை நீட்டியதும், படிக்காமலே பேனாவைத் திறந்தான்.

“எங்க போடணும் மாமா?”

போட்டுவிட்டுத்தான் என்னவென்று கேட்டான். இந்தச் சரக்கில் ஒரு பாட்டிலைக்கூட நாங்கள் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறேன் என்றேன். தாளைப் பிடுங்கி நாலாகக் கிழித்தான்.

“அக்காவையும் புள்ளையையும் நெனச்சுப் பாருங்க. நம்மள உள்ள தள்ளிருவாங்க.”

என் சட்டைப்பையில் இன்னொரு வெள்ளைத்தாள் இருந்தது. அது அங்கேயே இருந்தது.

மகளுக்கு மாற்றிய பாட்டிலை ஜன்னலில் பிடித்து மூன்று தடவை திருப்பிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. இத்தனை வருடத்தில் நான் ஒழுங்காகப் பார்த்த பாட்டில் அது ஒன்றுதான்.

பக்கத்துக் கட்டில் பெண் எல்லாவற்றையும் கவனித்திருக்கிறாள். தனக்கு ஏற்றப்போகும் பாட்டில் நல்லதுதானா என்று பயந்துபோய்க் கேட்டாள். என் மகளுக்குக் காய்ச்சலிலும் பெருமை.

“பயப்படாதீங்கக்கா. இதெல்லாம் எங்க அப்பா பாத்து அனுப்புறதுதான்.”

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் நர்ஸிடம் கையை நீட்டினாள்.