கூட்ஸ் மாசிலாமணியின் கல்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், ரோடும் தண்டவாளமும் ஒட்டி உரசிக்கொண்டு போகிற இடத்தில் அந்தக் கல் நிற்கிறது. வெள்ளைக்காரன் காலத்துப் பஞ்சத்தில், ஓடுகிற கூட்ஸ் வண்டியில் ஏறி அரிசி மூட்டைகளைக் கீழே தள்ளிவிட்ட கூட்ஸ் மாசிலாமணியை அங்கேதான் சுட்டார்களாம். திருடனுக்குக் கல்லா என்று கேட்டுப் பாருங்கள், சுற்றுப்பட்டு ஜனங்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

கலைமதிக்குத் திருடனும் வேண்டாம், சாமியும் வேண்டாம். புருஷன் ஆனந்தராஜ் வேண்டும். ஆவணியில் ஒரு நாள் விழுப்புரத்தில் வேலை முடித்துத் திண்டிவனத்துக்கு ரயில் ஏறியவன், கார்த்திகை பிறந்தும் வீடு வந்து சேரவில்லை. செல் அன்றைக்கே அணைந்துபோனது. எவளையோ இழுத்துக்கொண்டு ஓடிவிட்டான் என்றது தெரு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? இருக்கிறானா செத்தானா என்று தெரியாமல், காலையில் பொட்டை வைப்பதும் அழிப்பதுமாக இருந்தாள். அவன் போட்டோ போட்ட நோட்டீஸை ரயில் போகும் வழியெல்லாம் ஒட்டிக்கொண்டே வந்தவள், அன்றைக்கு இந்தக் கல்லுக்கு வந்தாள்.

பக்கத்துக் கொல்லையில் மல்லாட்டைக் கடலை பிடுங்கிக்கொண்டிருந்த வெள்ளையம்மாள், களைத்து நின்றவளைப் பார்த்துப் பாவப்பட்டுத் தண்ணீர் கொடுத்தாள். எவர்சில்வர் கேரியரின் கிண்ணம். விளிம்பில் ஆனந்தராஜ் - கலைமதி என்று வெட்டியிருந்தது. கல்யாணத்துக்குக் கலைமதியின் அண்ணன் கொடுத்த கேரியர், ஆனந்தராஜ் வேலைக்குச் சோறு கொண்டுபோவது அதில்தான்.

"இது ஏதுங்க உங்களுக்கு?"

"ரயில்ல இருந்து விழுந்த பையில இருந்துச்சும்மா," என்றாள் வெள்ளையம்மாள், சாதாரணமாக.

அந்த இடத்தில் ரயிலிலிருந்து எது விழுந்தாலும் மாசிலாமணி தள்ளிவிட்டது என்று கணக்கு. எடுத்தவருக்குச் சொந்தம். ஒரே ஒரு கட்டுப்பாடு, எடுத்தால் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட வேண்டும். அந்தக் காலத்தில் திரும்பிப் பார்த்தவனைத்தான் போலீஸ் பிடித்து மாசிலாமணிக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்ததாம்.

"அதுலதானேங்க எங்க வூட்டுக்காரரு ஆதார் கார்டு, செல்லு எல்லாம் இருக்கும்."

"செல்லு நொறுங்கிப்போச்சு. கார்டெல்லாம் எனக்குப் படிக்கத் தெரியாதும்மா." வெள்ளையம்மாள் நோட்டீஸில் இருந்த முகத்தைப் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது. "ரெண்டு நாள் கழிச்சு அந்த முள்ளுப் பொதருக்குள்ள இருந்து போலீஸ்காரங்க ஒரு பொணத்த எடுத்தாங்க. யாருன்னே தெரியலன்னு அவங்களே பொதைச்சிட்டாங்களாம். பையப் பத்தி சொன்னா பேஜாராயிடும்னு இருந்துட்டேன்."

கலைமதிக்கு அழுகை வரவில்லை. பாழாய்ப்போன மனசு அப்பாடா என்றுகூட நினைத்தது. எவளோடும் ஓடவில்லை. வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தான்.

"பைய எடுக்கறப்ப அவர நீங்க பாக்கலையா?"

"திரும்பிப் பாக்கக் கூடாதேம்மா. பின்னால முனகுற சத்தம் கேட்டுச்சு. மாசிலாமணிதான் பேசறாருன்னு, நடந்துக்கினே கையெடுத்துக் கும்பிட்டேன்."

"அப்போ உசுரோட இருந்தாரு," என்றாள் கலைமதி.