வெட்டிய இடங்கள்

அக்கா வந்து நின்றபோது தம்பி ஒரு லிஃப்டின் குரலிலிருந்து எச்சிலைத் துடைத்துக்கொண்டிருந்தான். 'கதவு மூடுகிறது' என்று அறிவிக்கும் பெண், 'மூ'வுக்கு முன்னால் ஒருமுறை எச்சில் விழுங்கியிருந்தாள். மற்றவர்கள் காதில் அது விழாது. அவன் காதில் விழுந்துவிட்டால் அப்புறம் சோறு இறங்காது. ஆன்லைன் வகுப்பு எடுப்பவர்களின் இருமல், விளம்பரக் குரல்களின் மூச்சு, பக்கத்துத் தெரு ஹாரன் என்று வேண்டாத சத்தங்களையெல்லாம் பொறுக்கி எறிவதுதான் அவன் பிழைப்பு. கூட்டாளிகள் அவனுக்குத் துடைப்பம் என்று பேர் வைத்திருந்தார்கள். அவனுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் போர்வை தொங்கும் அந்தச் சின்ன அறைக்கு அக்கா வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. வாலு போனதிலிருந்து வரவில்லை. வாலு என்பது அக்காவின் மகள், மூன்றரை வயது. இரண்டு நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் பிள்ளை இல்லை. அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல அந்தக் குடும்பத்தில் யாருக்கும் வாய் வந்ததில்லை.

அக்கா பாடிய பாட்டுகள் எல்லாம் அதற்கு முந்தைய வருஷத்தவை. புருஷன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, பகலெல்லாம் பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து அக்கா பாட ஆரம்பித்தாள். வரியும் அவளுடையது, மெட்டும் அவளுடையது, கிட்டாரும் அவளே. கம்பெனி கிம்பெனி எதுவும் கிடையாது. தம்பி கொடுத்த மைக்கையும் பழைய லேப்டாப்பையும் சமையலறை மேஜையில் வைத்து ஒன்பது பாட்டு பதிவு செய்தாள். கேட்டால் நெஞ்சைப் பிசையும் பாட்டுகள். ஆனால் எதையும் முழுசாகக் கேட்க முடியாது; வாலு காலைச் சுற்றிக்கொண்டே இருப்பாள். கரண்டியால் தரையைத் தட்டுவாள், தும்முவாள், மாமா எப்போது வருவார் என்று பாட்டின் நடுவில் விசாரிப்பாள். அது தூங்கின பிறகு பாடேன் என்று தம்பி தலையில் அடித்துக்கொள்வான். பிறகு ஒரே வாரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சுத்தமாக வெட்டி எடுத்தான். அசல் பதிவுகள் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. அவற்றை அழித்துவிட்டு அந்த இடத்தில் வேறு வேலைகளை ஏற்றினான்.

வாலுவை அடக்கம் செய்த மறுநாளே அவனுக்கு அது உறைத்தது. யாரிடமும் சொல்லாமல் டிஸ்கைக் கழற்றிக்கொண்டு, அழிந்ததை மீட்டுத் தரும் கடைக்கு ஓடினான். கடைக்காரர் இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டு, மேலேயே வேறு எழுதிவிட்டீர்களே சார், இனி ஒன்றும் கிடைக்காது என்று கையை விரித்தார். அன்றிலிருந்து தம்பி அக்காவின் முகத்தை நேராகப் பார்த்ததில்லை. ஏதாவது செய்தாக வேண்டும் என்று மனசு அரித்தது. ஆல்பத்தை வெளியிடட்டுமா என்று போனில் கேட்டான். என்னமோ பண்ணு என்றாள் அக்கா. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். தனக்கு வசதியானதை மட்டும் கேட்டுக்கொள்ளும் பழக்கம் அவன் தொழிலோடு வந்ததோ என்னவோ.

ஆல்பம் தீயாகப் பற்றிக்கொண்டது. முன்பின் தெரியாத ஆட்கள் அழுதுகொண்டே எழுதினார்கள். எல்லோரும் வாய்க்கு வாய் சொன்னது நாலாவது பாட்டைத்தான். நடுவில், ஒரு வரியின் பாதியில், குரலும் கிட்டாரும் நின்று நாலு செகண்டு மௌனம் வரும். அந்த மௌனத்தில் ஒரு பெண்ணின் மொத்தத் துயரமும் இருப்பதாக ஒருவர் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார். வாலு ஓடிவந்து "அம்மா, ஆய் வருது" என்று சொன்ன இடம் அது. முதலில் படித்தபோது தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காக அன்று முழுக்கத் தன்னையே வெறுத்தான்.

அக்கா உட்காரவில்லை. பல் பிடுங்க வந்த ஒரு பெண் காத்திருந்தபோது இந்தப் பாட்டை போனில் சத்தமாக வைத்ததாகவும், தான் இன்றுதான் முதல் தடவையாகக் கேட்டதாகவும் சொன்னாள். பாதி வேலையில் எழுந்து வந்திருக்கிறாள் என்பது புரிந்தது. பல் டாக்டரிடம் வேலைக்குப் போடும் பச்சைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"நடுவுல அவ வருவாளே. அது எங்க?"

"க்ளீன் பண்ணிட்டேன்க்கா."

"தெரியுது. பண்றதுக்கு முன்னாடி இருந்தது குடு."

அக்காவின் போனில் வாலுவின் வீடியோ நிறைய உண்டு. ஆனால் எதிலும் குரல் கிடையாது. நாள் முழுக்க வாய் ஓயாத பிள்ளை, போனை நீட்டினால் மட்டும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு முறைக்கும். எவ்வளவு கெஞ்சினாலும் பேசாது. அந்தக் குரல் இருந்த ஒரே இடம் இந்தப் பதிவுகள்தான், அதை அழித்தது தாய்மாமன்.

"இல்லக்கா," என்றான். "அழிச்சிட்டேன். அப்பவே."

அவள் கத்துவாள், அறைவாள் என்று எதிர்பார்த்தான். அறைந்திருந்தால் அவனுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவள் லிஃப்டின் குரல் கோடுகோடாகத் தெரிந்த திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த அமைதியைத் தாங்க முடியாமல்தான் அவன், இருப்பது இது ஒன்றுதான் என்று ஒரு பட்டியலைத் திறந்து காட்டினான். எங்கெங்கே வெட்டினான், எத்தனை செகண்டு வெட்டினான் என்ற கணக்கை மட்டும் மென்பொருள் தானாகவே குறித்து வைத்திருந்தது. ஒன்பது பாட்டில் நாற்பத்து மூன்று வெட்டு. சத்தம் எதுவும் இல்லை, வெறும் எண்கள்.

அக்கா அப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திரையில் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். ஒரு செகண்டு என்றிருந்ததைப் பார்த்து, தும்மல் என்றாள். மூன்றரைக்குத் தண்ணீர் கேட்டது. இரண்டு, இரண்டு, இரண்டு என்று வரிசையாக வந்த இடத்தில் கரண்டி. ஏதோ ஒன்றில் கொஞ்ச நேரம் தடுமாறி, பிறகு, ஜன்னலில் புறா வந்ததே அது, என்றாள். ஒன்றையும் அவள் விடவில்லை. நாலாவது பாட்டுக்கு வந்ததும் விரல் நின்றது.

"பதினொண்ணுன்னு போட்டிருக்கு. பாட்டுல அவ்ளோ வரலையே."

"ரொம்ப நேரம் சும்மா இருந்தா கேக்கறவங்க வேற பாட்டுக்குப் போயிடுவாங்கக்கா. நாலா சுருக்கிட்டேன்."

"ஆய் வருதுன்னு வந்து நின்னா. இரு, இந்த வரி முடியட்டும்னேன். சரின்னு காலை மாத்தி மாத்தி வச்சிக்கிட்டு நின்னுட்டிருந்தா, பாவம்." அவள் குரல் உடையவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "மீதி ஏழையும் திருப்பி வை."

"அதுல ஒண்ணும் இருக்காதுக்கா."

"தெரியும். வை."

வைத்தான். வெற்று ஏழு செகண்டை நாலின் பக்கத்தில் ஒட்டுவதற்கு அவனுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அக்கா ஹெட்ஃபோனை எடுத்து மாட்டிக்கொண்டாள். பாட்டு ஓடியது, அவனுக்கு எதுவும் கேட்கவில்லை, திரையில் நகரும் கோட்டையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். வரியின் பாதிக்குக் கோடு வந்தபோது அக்கா தலையை இடது பக்கம் சாய்த்து, நாற்காலிக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்துக்குப் பார்த்தாள். மூன்றாம் செகண்டில் அவள் உதடு அசைந்தது. ஏழாவது செகண்டில் நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. திரையில் பாட்டு மறுபடி தொடங்கியபோது அவள் பாதி எழுந்து, ஹெட்ஃபோன் ஒயர் விறைத்து இழுக்க, கையைக் கீழே நீட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.