ஆறாவது மாடியில் விருந்து

இருபத்தாறு வருஷமாக அவர் ஏறாத மாடியில்லை. உத்தியோகத்தில் அல்ல, லிஃப்டில். ஒரு அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஆபரேட்டர். கௌரவம் பார்ப்பதில் மட்டும் அங்கிருந்த மானேஜர்களுக்கெல்லாம் ஒரு படி மேல்.

மகள் ஒரு பையனைக் காதலிப்பதாகச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அப்பா என்ன பண்றாருன்னு கேட்டானா?"

"இன்னும் இல்லப்பா. கேட்டா சொல்லிடுவேன். அவர் அதெல்லாம் பாக்கற ஆள் இல்ல."

"அவன் பாக்க மாட்டான், அவன் வீட்ல பாப்பாங்க. கம்பெனி ஆபீசர்னு சொல்லு."

மாட்டேன் என்றாள். இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். தாயில்லாத பெண், அப்பாவின் பட்டினியைப் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம் இருப்பாள்? சொல்லிவிட்டாள். அந்தப் பொய்க்கு ஒரு வயதானபோது, கல்யாணத் தேதி பேச வரச்சொல்லி பையனின் பெற்றோர் ஓட்டலில் விருந்து வைத்தார்கள்.

வாசலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. இரவல் கோட்டு தோளில் தொளதொளத்தாலும் ஆபீசர் களை இருந்தது. பையனின் அப்பா கைகுலுக்கினார். ஐந்து பேரும் லிஃப்டுக்குள் நுழைந்தார்கள்.

பாழாய்ப்போன பழக்கம்! எல்லாரும் ஏறும்வரை கதவைக் கையால் தடுத்து நின்றவர், பட்டன்கள் பக்கம் ஒதுங்கி, முதுகைக் காட்டியபடி கேட்டார்: "எந்த மாடி சார்?" போதாக்குறைக்கு, "கதவுல சாயாதீங்கம்மா" என்று சம்பந்தியம்மாவை ஒரு அதட்டல்.

ஆறாவது மாடியில் இறங்கியதும் அந்தம்மா, "நீங்க என்ன வேலைன்னு சொன்னீங்க?" என்றார்.

"எங்கப்பா லிஃப்ட் ஆபரேட்டர்" என்றாள் மகள்.

பையனின் முகம் சுண்டிப்போனது. "அதனால எனக்கென்ன? எங்கப்பா மூட்டை தூக்கினவர்னு மொத நாளே உன்கிட்ட சொன்னேன்ல? ஒரு வருஷமா என் மூஞ்சியப் பாத்து பொய் சொல்லியிருக்கே. ஏன்?"

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். 'நான்தான் சொல்லச் சொன்னேன்.' மூன்றே வார்த்தை. ஆனால் சம்பந்தி நிற்கிறார், சம்பந்தியம்மா நிற்கிறார், தட்டோடு வந்த சர்வர் வேறு வேடிக்கை பார்க்கிறான். இத்தனை பேர் முன்னால் மானம் போவதா? அந்தக் கேடுகெட்ட மானத்துக்காக மனிதர் தரையைப் பார்த்தார்.

"என் புத்திதான்" என்றாள் மகள்.

பையன் சாப்பிடாமலே போய்விட்டான். பெற்றோரும் பின்னாலேயே போனார்கள்.

வீட்டில் அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவரைத் தின்றது. மூன்றாம் நாள் பையனின் அலுவலகத்துக்கே போய், வரவேற்பறையில் நின்றபடி நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தார். அவன் பொறுமையாகவே கேட்டான்.

"அன்னிக்கு அங்கயே சொல்லியிருந்தா நம்பியிருப்பேன் சார். இப்ப பொண்ணுக்காக என்ன வேணும்னாலும் சொல்லுவீங்க."

"சத்தியமா தம்பி. அவளையே கேட்டுப் பாருங்க."

"கேட்டேன் சார். எங்கப்பா பாவம், அவரை இதுல இழுக்காதீங்கன்னுட்டா."