கையைக் கட்டிக்கொண்டு ஒரு வெளிநாட்டுப் பயணம்

பாட்டிலுக்கு லேபிள் ஒட்டும் இயந்திரங்களைச் செய்து விற்கும் அந்தக் கம்பெனியில் அவளை எல்லோரும் ஸ்பானர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வெளிநாட்டுக்கு விற்ற இயந்திரம் ஒன்று லேபிளைக் கோணலாக ஒட்டித் தொலைத்ததில், முதலாளி அவளை அழைத்தார்.

"நீங்க போய்ட்டு வந்துடுங்க. வேலை விசாவுக்கு மாசக்கணக்காகும். பிசினஸ் விசான்னா சட்டுனு கிடைச்சிடும். என்ன, அதுல மீட்டிங் பேசலாம், வேலைதான் செய்யக் கூடாது."

"அப்புறம் நான் எதுக்கு சார்?"

"போங்க, பாத்துக்கலாம்."

முதலாளியின் அகராதியில் அதற்கு 'நீயே பார்த்துக்கொள்' என்று பொருள்.

அந்த நாட்டு விமான நிலையத்தில் அதிகாரி அவள் பெட்டியைத் திறந்து பார்த்தார். "மீட்டிங்குக்கு எதுக்கு இத்தனை ஸ்பானர்?"

"தொட மாட்டேன் சார். கூட இருந்தா ஒரு தைரியம்."

தைரியத்தை அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டு அவளை மட்டும் உள்ளே விட்டார்கள்.

இயந்திரத்தை வாங்கிய தொழிற்சாலையில் அவர்களுடைய வக்கீல் ஒருவர் அவளை ஒட்டியே நின்றார். அவர் கண் இயந்திரத்தில் இல்லை, அவள் கையில் இருந்தது. அவள் கையைக் கட்டிக்கொண்டாள். ஆபரேட்டரிடம், "அந்த ரோலரை இடது பக்கம் தள்ளுங்க" என்றாள்.

வக்கீல் தொண்டையைக் கனைத்தார். "இது உத்தரவு. உத்தரவு போட்டா அதுவும் வேலைதான். கருத்து சொல்லிக்கலாம்."

"சரி. ரோலர் கொஞ்சம் இடது பக்கம் இருந்தா அழகா இருக்கும்னு எனக்குத் தோணுது."

ஆபரேட்டர் சூட்டிகையான ஆள். உடனே தள்ளினார்.

"அந்த நட்டு இவ்வளவு இறுக்கமா இருக்கறதப் பாத்தா மனசு கஷ்டமா இருக்கு."

அவள் மனக்கஷ்டத்தைப் போக்கும் வேகத்தில் ஆபரேட்டர் நட்டை அளவுக்கு மீறித் தளர்த்திவிட்டார். ரோலர் சரிந்தது. பிடிக்கப் போன அவள் கையைப் பார்த்து வக்கீல், "மேடம்!" என்று அலறினார். அவள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். ரோலருக்கு அந்தச் சட்டமெல்லாம் தெரியாது. நேராக வக்கீலின் கால் கட்டைவிரலில் போய் இறங்கியது.

அவரைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிப்போனதும் ஆபரேட்டர் தன் ஸ்பானரை நீட்டினார். "இப்ப யாரும் பாக்கல, நீங்களே முடிச்சிடுங்க மேடம்."

உள்ளங்கை அரித்தது. ஆனால் யாராவது எட்டிப் பார்த்தால் மாட்டப்போவது முதலாளி அல்லவே! "வேண்டாங்க, நான் பத்திரமா வீடு போய்ச் சேரணும்" என்று சொல்லிவிட்டு மறுபடி கருத்து சொல்ல ஆரம்பித்தாள். சாயங்காலத்துக்குள் லேபிள்கள் நேராக ஒட்டின. அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

திரும்பி வந்ததும் முதலாளி பூரித்துப் போய்விட்டார். "பேசியே முடிச்சிட்டீங்களாமே! அப்போ இனிமே டிக்கெட், விசா எதுவும் வேண்டாம். அவங்க எந்நேரம் கூப்பிட்டாலும் வீட்ல இருந்தே போன்ல கருத்து சொல்லிடுங்க."

"சொல்லலாம் சார்" என்றாள் அவள், கரகரத்த குரலில். "ஆனா ஆபீஸ் முடிஞ்சப்புறம் எனக்குக் கருத்தே வராது."