மதுசூதனன் ஞாயிறுதோறும் போடும் மில்க்ஷேக்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகத் தொடங்கவில்லை. ஒரு வாரப் பத்திரிகையின் ஞாயிறு இணைப்புக்கு ‘வீட்டிலேயே சொக்லட் மில்க்ஷேக்’ என்று அரைப்பக்கக் குறிப்பு எழுதச் சொன்னார்கள். ‘தேவையான பொருட்கள்’ என்று தலைப்புப் போட்டுப் பால், ஐஸ்கிறீம், கொக்கோத் தூள், சீனி என்று எழுதிக்கொண்டே வந்தவன், அடுத்த வரியில் ‘ஒரு பொய்’ என்று எழுதிவிட்டேன். அழிக்க மனம் வரவில்லை. பொய் ஒன்று இருந்தால் அதைச் சொன்ன ஆள் ஒருவர் இருக்க வேண்டும் அல்லவா? அப்படித்தான் மதுசூதனன் வந்து சேர்ந்தான். அரைப்பக்கம் போயே போயிற்று.

2

முதல் வரிக்கு நான் பட்ட பாடு:

கொட்டகலை மலைகளின் மேல் மூடுபனி மெல்ல…

(வேண்டாம். மலையகக் கதை என்றதும் முதல் வரியிலேயே பனியை இறக்கிவிடுவது எங்களுக்கெல்லாம் ஒரு வியாதி.)

மதுசூதனனின் விரலுக்கடியில் பிளெண்டரின் பொத்தான் ஒரு…

(ஒரு என்ன? யோசித்துப் பார்த்தேன். பொத்தான் பொத்தானாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.)

நேராகவே சொல்கிறேன். மதுசூதனன் ஹட்டனில் கைப்பேசி திருத்தும் கடை வைத்திருப்பவன். கொட்டகலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தோடு ஒட்டிக் கட்டிய வீட்டில் அம்மா சிவகாமசுந்தரியோடு இருக்கிறான். அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ரூபிகா என்ற ஆசிரியையை அவனுக்குப் பேசியிருந்தார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது. இருவரும் கைப்பேசியில் பேசினார்கள்.

“போன தடவ வந்த மாப்பிள்ளை சொன்னதுல அவரு பேரு மட்டுந்தான் உண்மை” என்றாள் ரூபிகா. “அதனால கேக்குறேன், தப்பா நெனைக்காதீங்க. வீட்ல நீங்க ஏதாச்சும் வேலை செய்வீங்களா?”

சோறு சமைப்பேன் என்றால் நம்ப மாட்டாள் என்று அவனுக்குத் தோன்றியது. எதிர்க் கடைச் சுவரில் ஒரு விளம்பரப் படம் இருந்தது. அதைப் பார்த்தபடியே சொன்னான்: “ஞாயித்துக்கிழமைல நாந்தான் சொக்லட் மில்க்ஷேக் போடுவேன்.”

“அப்படியா? ஞாயித்துக்கிழமைதான் அப்பாவோட உங்க வீடு பாக்க வாறேன். குடிச்சிட்டே பேசுவோம்.”

அவள் சிரித்தாளா, சோதித்தாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது: இதுவும் பொய் என்று பிடித்துவிட்டால் கல்யாணப் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

3

முதல் முயற்சி. அம்மா மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நேரம். அவன் பால்மாவைக் கொதிநீரில் கரைத்து, அந்தச் சூட்டோடு ஐஸ்கிறீமின் மேல் ஊற்றினான். வேறெப்படிச் செய்வான்? பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் பால் என்றால் ஆவி பறக்கிற ஒன்றுதான். ஐஸ்கிறீம் இருந்த இடம் தெரியாமல் கரைந்தது.

[இங்கே என்னால் விளக்காமல் இருக்க முடியாது. ஐஸ்கிறீமில் கணிசமான பங்கு காற்று. உறைந்த கொழுப்பும் நுண்ணிய பனித்துகள்களும் அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கின்றன. சூடு பட்டதும் பிடி விட்டுப்போகிறது. அதனால்தான் பாலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து நன்றாகக் குளிரவிட வேண்டும், பிளெண்டரையும் அதிக நேரம் ஓட்டக் கூடாது.]

இரண்டாவது முயற்சியில் பாலைக் குளிரவைத்தான். ஆனால் கொக்கோத் தூளை அப்படியே அதில் கொட்டினான். தூள் மேலே கட்டி கட்டியாக மிதந்தது.

[கொக்கோவிலும் கொழுப்பு உண்டு, குளிர்ந்த பாலோடு சட்டென்று ஒட்டாது. முதலில் தூளையும் சீனியையும் ஒரு மேசைக்கரண்டி சுடுநீரில் குழைத்து, ஆறவைத்து, பிறகு சேருங்கள். என்ன அழகான விசயம் பாருங்கள், குளிர்ந்த பானத்துக்குள்ளும் கொஞ்சம் சுடுநீர் தேவைப்படுகிறது.]

4

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சரியாக வந்தது. முதலில் பால், பிறகு குழைத்த கொக்கோ, மேலே ஐஸ்கிறீம். அடியில் திரவம் இருந்தால்தான் பிளெண்டரின் அலகு வெறுமனே சுற்றாமல் பிடித்து இழுக்கும். கரண்டியை விட்டு மெதுவாக வழிகிற தடிப்பு. மூன்று குவளைகளில் ஊற்றினான். அதற்குள், பஸ் இறங்கி அவர்கள் ஏறி வந்த ஆட்டோ படிகளுக்குக் கீழேயே நின்றுவிட்டது என்று வெளியிலிருந்து குரல் வர, குடையை எடுத்துக்கொண்டு மழையில் ஓடினான்.

அவன் போனதும் சிவகாமசுந்தரி அடுப்படிக்குள் வந்தார். ஒரு குவளையைத் தொட்டார். கை சில்லிட்டது. சன்னல் வழியே பார்த்தார். பெண்ணும் அவளுடைய அப்பாவும் நனைந்து, நடுங்கி, படி ஏறிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று குவளையையும் சட்டியில் கொட்டி அடுப்பில் வைத்தார். இஞ்சி தட்டிப் போட்டார். நுரை பொங்க ஆற்றினார்.

5

இந்த இடத்தில் எனக்கே அவர் மேல் சந்தேகம் வந்தது. உலகத்தில் யாராவது மில்க்ஷேக்கைச் சுடவைப்பார்களா? அவரை நீக்கிவிட்டு ஒரு பூனையைக் கொண்டு குவளைகளைத் தட்டிவிடலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு, கொட்டும் மழையில் படி ஏறி வந்தவருக்குச் சில்லென்று ஒன்றை நீட்டுவது அந்த வீட்டில் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். வந்தவரை வெளியே நிற்கவைத்துப் பேசுவதற்குச் சமம். பூனையைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

6

சிவகாமசுந்தரி தட்டோடு வந்தார். குவளைகளிலிருந்து ஆவி பறந்தது. மதுசூதனன் அந்த ஆவியையே பார்த்தான்.

“குடிங்கண்ணே. இந்தாம்மா, குடிம்மா. தம்பி போட்டதுதான்.”

ரூபிகாவின் அப்பா பொன்னையா உறிஞ்சிப் பார்த்தார். “இஞ்சி போட்டிருக்கா? தொண்டைக்கு எதமா இருக்கே. நான் என்னமோ ஐஸ்கட்டியாட்டம் குடுத்துருவாங்கன்னு பயந்துக்கிட்டு வந்தேன்.”

ரூபிகா ஒரு வாய் குடித்தாள். குவளையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். “ஞாயித்துக்கிழமைல நீங்க போடுறது இதானா?”

7

இனி முடிவுகள். உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் எழுதினேன்.

அ) “ஆமாங்க, எங்க வீட்ல இப்படித்தான்” என்கிறான். அம்மாவின் மானம் தப்புகிறது. திரும்பிப் போகும் வழியில் ரூபிகா, “இவருக்கும் பேரு மட்டுந்தான் உண்மைப்பா” என்கிறாள்.

ஆ) “அம்மா கெடுத்துட்டாங்க” என்கிறான். (தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தாயை விருந்தாளி முன்னால் காட்டிக்கொடுப்பவனுக்கு ரூபிகா சரி என்றாலும் நான் விடமாட்டேன்.)

இ) அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போகிறது. (சோம்பேறி எழுத்தாளரின் முடிவு. முழுப்பக்கம் எழுதிய பிறகுதான் வெட்கம் வந்தது.)

இதில் எதையும் அவன் எடுத்துக்கொள்ளவில்லை.

“இல்லீங்க” என்றான். “ஞாயித்துக்கிழமைல நான் ஒண்ணுமே போடுறதில்ல. அன்னைக்கு போன்ல சும்மா சொல்லிட்டேன். நீங்க வாறீங்கன்னு இந்தக் கெழமதான் பழகுனேன். ரெண்டு தடவ பிழையாப் போயிருச்சு. இன்னைக்குச் சரியா வந்துச்சு. குளுராத்தான் குடிக்கணும்னு அம்மாக்கிட்ட சொல்லாமப் போயிட்டேன். நீங்க நனைஞ்சு வந்ததப் பாத்து சுட வச்சிருக்காங்க.”

“குளுராவா?” சிவகாமசுந்தரி தட்டைக் கீழே வைத்தார். “இந்த மழைக்கா? ஏன்டா, வாற பிள்ளைக்கு காய்ச்சல் வரணும்னா பழகுன?”

பொன்னையா கூரையைப் பார்த்தார். ரூபிகா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

“சாமான் மீதி இருக்கா?” என்று கேட்டாள்.

“ஐஸ்கிறீம் கொஞ்சம் இருக்கு. பாலும் இருக்கு.”

“அப்ப வாங்க. போடுறத நான் பாக்கணும்.”

“பஸ்ஸு போயிரும்மா” என்றார் பொன்னையா.

“அடுத்த பஸ்ல போவோம்ப்பா.”

பொன்னையா மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குவளையை நீட்டினார். “அப்ப எனக்கு அந்தச் சூடே இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க தங்கச்சி.”

8

இப்போது இருவரும் அடுப்படியில் நிற்கிறார்கள். பாலை ஊற்றியாயிற்று. கொக்கோவைக் குழைத்து, ஆறவைத்து, சேர்த்தாயிற்று. ஐஸ்கிறீமை அவன் சுரண்டிப் போட்டான், டப்பாவின் ஓரத்தில் ஒட்டியிருந்ததை அவள் எடுத்துக் காட்டினாள். அந்தப் பிளெண்டரின் மூடி கொஞ்சம் தளர்வானது, ஓடும்போது ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதை அவன் சொல்வதற்கு முன்பே ரூபிகா கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

தடிப்பாக வருமா, தண்ணீராக வருமா, அவள் குடித்துவிட்டு என்ன சொல்வாள் என்று என்னைக் கேட்காதீர்கள். போடும் முறை முழுவதையும் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். பொத்தானை நீங்கள் அழுத்துங்கள்.