நடக்கிறேன் என்று சொன்னவன்

எங்கள் தையற்கடையில் ஒரு சட்டம் உண்டு. தைத்து, பித்தான் வைத்து, இஸ்திரி போட்டு, மடித்துக் கையில் எடுத்த பிறகுதான் வாடிக்கையாளரிடம் "ரெடி" என்று சொல்லலாம். மற்ற கடைகள் எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். துணியைப் பிரித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். "பட்டன் மட்டும்தான் சார் பாக்கி, நாளைக்கு வாங்க" என்பார்கள். எங்கள் கடையில் அந்தப் பேச்சு கிடையாது. மீசை முளைத்த வயதில் என் தம்பி ஒரு கோட்டுக்குக் காலர் வைக்காமலே "ரெடி" என்று சொல்லிவிட்டான். அப்பா அவனை அந்த வாடிக்கையாளர் வீட்டுக்கே அனுப்பி, "பொய் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு வரச் செய்தார்.

திமிர் பிடித்த கடை என்று சிலர் சொல்வதுண்டு. சொல்லட்டும். கல்யாணத்துக்கோ வேலைக்கான நேர்காணலுக்கோ கோட்டு வேண்டுமென்றால் அவர்களும் எங்களிடம்தான் வந்து நிற்பார்கள்.

அளவெடுப்பதும் வாடிக்கையாளரிடம் பேசுவதும் என் வேலை. வெட்டுவது தம்பி. வெட்டுகிறவன் நாள் முழுதும் மேஜை முன்னால் நிற்க வேண்டும். அப்படி நின்றுகொண்டிருந்தவன் ஒரு முற்பகலில் கத்தரிக்கோலைத் துணியின் மேல் வைத்துவிட்டு, "அண்ணா, இந்தக் கால் யாருது?" என்று கேட்டான். விளையாடுகிறான் என்று நினைத்தேன். அடுத்த கணம் மேஜையோடு சரிந்தான்.

பக்கவாதம். இடது காலும் இடது கையும் போயின. பேச்சு போகவில்லை. கடைக்கு மேலே இருக்கும் வீட்டின் முன்னறையில் அவனுக்குக் கட்டில் போட்டோம். அவன் மனைவி இறந்து பல வருடம் ஆகிறது. ஒரே மகள் வெளிநாட்டில் நர்ஸாக இருக்கிறாள். ஆகவே என் மனைவிதான் எல்லாம் பார்த்துக்கொண்டாள்.

பயிற்சி கொடுக்க ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் வந்தாள். சின்னப் பெண், வாசற்படியில் ஏறும்போதே பேச ஆரம்பித்துவிடுவாள். தம்பி அவளுக்கு "ரேடியோ" என்று பெயர் வைத்தான். அவளும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஒரு நாள் அவள், கடையில் உடுத்திப் பார்க்கும் இடத்தில் இருந்த ஆளுயரக் கண்ணாடியை மேலே கொண்டுவரச் சொன்னாள். அதைத் தம்பியின் முன்னால் நிறுத்தினாள்.

"தினமும் காலைல இதைப் பாத்து சொல்லுங்க. நான் நடக்கறேன். என் கால் என் பேச்சைக் கேக்குது."

"நடந்ததும் சொல்றேம்மா."

"இல்லப்பா, நடக்கறதுக்கு முன்னாடியே சொல்லணும். மனசு நம்பினாதான் உடம்பு கேக்கும்."

"அது பொய் இல்லையா?" என்று நான் கேட்டேன்.

"பொய் இல்ல ஐயா. தைரியம்."

"பட்டன் மட்டும்தான் பாக்கின்னு சொல்றவனும் அதைத் தைரியம்னுதான் சொல்வான்."

அவள் சிரித்துவிட்டாள். என் மனைவி கதவருகே இருந்து, "உங்க கடைச் சட்டத்தைக் கீழேயே வச்சிட்டு வாங்க. அவர் சொல்லட்டும். காசா பணமா?" என்றாள்.

முதல் நாள் தம்பி அதை முணுமுணுத்தான், காது கேட்காதவனிடம் கடன் கேட்பவனைப் போல. "என் கால் என் பேச்சைக் கேக்குது" என்ற இடம் வந்ததும் என்னைப் பார்த்து, "சின்ன வயசுல அப்பா பேச்சையே கேட்காத கால் இது, இப்ப என் பேச்சைக் கேக்குமா அண்ணா?" என்றான். ஆனால் நாளாக ஆகக் குரல் ஏறியது. கீழே துணி வாங்க வந்தவர்கள் நிமிர்ந்து மேலே பார்க்கும் அளவுக்கு ஏறியது. எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. இருந்தாலும் அந்தக் குரலில் பழைய தம்பி இருந்தான். அதனால் விட்டுவிட்டேன்.

மகள் வாரம் தவறாமல் பேசுவாள். விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருப்பதாகவும், கிடைத்ததும் புறப்பட்டு வருவதாகவும் சொல்லியிருந்தாள். அவள் வரும்போது வாசல் வரை தன் காலில் போய் நின்று கூப்பிட வேண்டும் என்பதுதான் தம்பியின் ஆசை. அதைத் தவிர வேறு எதுவும் அவன் கேட்கவில்லை.

"உங்களுக்கு யார் ரொம்ப முக்கியமோ அவங்ககிட்டயும் இதைச் சொல்லுங்கப்பா. அப்பதான் மனசுல உறுதியா உக்காரும்" என்று ரேடியோ சொல்லிவிட்டுப் போனாள். அன்று மாலையே மகள் பேசினாள். தம்பி நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "குட்டி, நான் நடக்கறேன்" என்றான்.

அந்தப் பக்கம் ஒரு விம்மல். பிறகு அழுகை. பிறகு சிரிப்பு. என் காதுக்கே கேட்டது.

"அப்பா! நடக்கறீங்களா! ஐயோ, நான் என்னென்னமோ நினைச்சு பயந்துட்டு இருந்தேன்பா. அப்ப நான் இப்ப லீவை எடுக்க வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவைதான் தருவாங்க. பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும். அவனையும் கூட்டிட்டு வரேன். நீங்க அவனைக் கை பிடிச்சு வெளில கூட்டிட்டுப் போலாம்."

தம்பியின் முகம் மெல்ல இறங்கியது. போனை என்னிடம் நீட்டினான்.

"பெரியப்பா, நிஜமாவே நடக்கறாரா?"

தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அறுபது வயதைத் தாண்டிய மனிதன். பெற்ற மகள் முன்னால் அவனை நான் பொய்யனாக்க வேண்டுமா?

"உங்கப்பா சொன்னா சொன்னதுதான்."

"நம்ம கடை வார்த்தை, இல்லையா பெரியப்பா?"

"நம்ம கடை வார்த்தைதான்."

போனை வைத்ததும் என் மனைவி, "அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒரு பொண்ணை வர விடாம பண்ணிட்டீங்க. இப்பவே திரும்பக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லுங்க" என்றாள்.

"வேண்டாம் அண்ணி" என்றான் தம்பி. "சொல்லியாச்சு. துணியை வெட்டியாச்சு. அவ வர்றதுக்குள்ள தைச்சு முடிக்கணும்."

அதுதான் எனக்கும் சரியென்று பட்டது. சொன்ன வார்த்தையை மாற்றுவதைவிட, அதை மெய்யாக்குவதுதான் எங்கள் வீட்டில் வழக்கம்.

அன்று முதல் அந்த வாக்கியத்தின் குரல் மாறியது. முன்பு அவன் அதைக் கண்ணாடியிடம் வேண்டிக்கொள்வது போலச் சொல்வான். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். பிடித்து நடக்கும் நாலுகால் சட்டத்தை வலது கையால் தள்ளிக்கொண்டு கட்டிலிலிருந்து கண்ணாடிக்கும், கண்ணாடியிலிருந்து கட்டிலுக்கும் போனான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். என் மனைவி தேநீரை வைத்துவிட்டு, அது ஆறிய பிறகு எடுத்துக்கொண்டு போவாள்.

ரேடியோ பயந்துபோனாள். "அப்பா, இவ்வளவு வேண்டாம். ரத்த அழுத்தம் ஏறுது. அது சும்மா உங்களுக்கு நீங்களே சொல்லிக்கறதுதான். கடன் மாதிரி எடுத்துக்கக் கூடாது."

"எங்க வீட்ல சும்மா சொல்றதுன்னு ஒண்ணு கிடையாதும்மா."

"ஐயா, நீங்களாவது சொல்லுங்க" என்று என்னிடம் திரும்பினாள்.

"அவனுக்குத் தெரியும்" என்றேன்.

முன்னேற்றம் இருந்தது. இல்லையென்று சொல்ல முடியாது. இடது கால் தரையில் இழுபடுவது குறைந்தது. ஒரு தடவை சட்டத்தை விட்டுக் கையை எடுத்து, கட்டில் விளிம்பு தொடையில் முட்ட, கொஞ்ச நேரம் தனியாக நின்றான். "பாத்தியா அண்ணா, இஸ்திரிக்கு வந்தாச்சு" என்றான். நான் கீழே போய் யாரும் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பிள்ளையின் பரீட்சை முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. ஒரு காலை நேரத்தில் நான் ஒருவருக்குத் தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். மேலே தம்பியின் குரல் வழக்கம்போல் ஒலித்தது. பிறகு பெரிய சத்தம். பிறகு என் மனைவியின் அலறல்.

மேலே ஓடினேன். நாலுகால் சட்டம் கட்டில் அருகே நின்றது. தம்பி கண்ணாடியின் கீழே கிடந்தான். இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி. அந்த இடைவெளியை அவன் தன் காலால் கடந்தானா, சரிந்தபடியே போய் விழுந்தானா, யாரும் பார்க்கவில்லை. பார்க்காததை நான் சொல்ல மாட்டேன்.

இந்த முறை பேச்சு போய்விட்டது. வலது கை பிழைத்துக்கொண்டது. காலைப் பற்றி டாக்டர் பேசவே இல்லை. "சொற்கள் திரும்ப வருவது கடினம். சிலருக்கு அடிக்கடி சொல்லிப் பழகிய ஏதாவது ஒன்று மட்டும் தங்கிவிடும். அது தானாக வரும். அவர் சொல்ல நினைப்பது அதுவாக இருக்காது" என்றார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்த தம்பி, உலர்ந்த உதட்டை நக்கிக்கொண்டு என்னிடம், "நான் நடக்கறேன்" என்றான். தண்ணீர் கேட்டிருக்கிறான். அதைக் கண்டுபிடிக்க எனக்கு வெகு நேரம் ஆயிற்று.

அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர அவனிடம் வேறு எதுவும் மிஞ்சவில்லை. பசித்தால் அது, வலித்தால் அது, வெளிச்சம் கண்ணில் அடித்தால் அது. முதல் நாட்களில், தான் வேறு எதையோ சொன்னதாக நினைத்து, எங்களுக்குப் புரியவில்லையே என்று கோபப்பட்டான். கோபத்தையும் அதே சொற்களில்தான் சொன்னான். என் மனைவி குரலின் ஏற்ற இறக்கத்தைக் கேட்டுக் கேட்டு, இது தலையணை, இது ஜன்னல், இது கழிப்பறை என்று பிரித்தறியக் கற்றுக்கொண்டாள். எனக்கு அந்தக் காது இல்லை.

பழைய வாடிக்கையாளர், ஓய்வுபெற்ற ஒரு பேங்க் மேனேஜர், பார்க்க வந்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த தம்பி அவரிடம், "நான் நடக்கறேன்" என்றான். அவர், "நடங்க நடங்க, அடுத்து ஓட்டப்பந்தயம்தான்" என்று சொல்லிச் சிரித்தார். நான் கீழே போய், அவர் தைக்கக் கொடுத்திருந்த கோட்டுத் துணியை அப்படியே மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தேன்.

"என்ன, தைக்கலையா?"

"வேற கடை பாருங்க. அங்க சீக்கிரமே ரெடின்னு சொல்வாங்க."

மகளுக்கு என் மனைவிதான் போன் செய்தாள். நான் தடுக்கவில்லை. பரீட்சைக்குக் காத்திராமல், பிள்ளையை விட்டுவிட்டுத் தனியாக வந்தாள். வாசலில் பையோடு நின்றவளைப் பார்த்ததும் தம்பியின் முகம் கோணிக்கொண்டது. "நான் நடக்கறேன், நான் நடக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவள் அவன் காலடியில் உட்கார்ந்து, அந்த இடது பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் கடைக்கு இறங்கி வந்தாள். நான் துணியில் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏன் பெரியப்பா சொல்லல?"

"சொன்னது அவன். அதை மாத்திச் சொல்ல நான் யாரு?"

"நான் நர்ஸ், பெரியப்பா. யார் யார் அப்பாவையோ தினமும் குளிப்பாட்டி விடறேன். எங்கப்பா நடக்கலைன்னா நான் என்ன, முகம் சுளிச்சிருப்பேனா?" குரல் உடைந்தது. "அப்பவே வந்திருந்தா என்கிட்ட பேசியிருப்பாரே. என் பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பாரே."

நான் துணியில் கோடு போட்டு முடித்தேன். கோணலாகப் போயிருந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டேன். அவள் மேலே போய்விட்டாள்.

விடுப்பு முடியும் வரை அவள்தான் அவனுக்குச் சவரம் செய்தாள், சோறு ஊட்டினாள். அவன் சொல்வதற்கெல்லாம் என் மனைவி, "உன்னைச் சாப்பிடச் சொல்றார்", "அந்தப் போர்வை வேண்டாங்கறார்" என்று விளக்கிக்கொண்டிருந்தாள். மகளும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

புறப்படும் நாளன்று நாற்காலியோடு அவனைக் கீழே இறக்கிக் கடை வாசலில் வைத்தோம். டாக்சி நின்றது. அவள் குனிந்து நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது, தம்பி அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு, "நான் நடக்கறேன்" என்றான். தாழ்ந்த குரல். அவசரமே இல்லாத குரல். அந்த மாதிரி அவன் அதுவரை சொன்னதில்லை.

"பெரியம்மா, அப்பா என்ன சொல்றார்?"

என் மனைவி அவன் முகத்தையே பார்த்தாள். அவளுக்குத் தெரியவில்லை. என் பக்கம் திரும்பினாள். மகளும் திரும்பினாள்.

"பத்திரமா போய்ட்டு வான்னு சொல்றான்" என்றேன்.

"நிஜமாவா பெரியப்பா?"

"நிஜம்தான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிப்பா, பத்திரமா போறேன்" என்று அவனிடம் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள். அவன் என்னைப் பார்த்துப் பலமாகத் தலையை ஆட்டினான். ஆமாம் என்கிறானா, இல்லை என்கிறானா, எனக்கு விளங்கவில்லை.

வண்டி தெருமுனையில் திரும்பியது. நாற்காலியை உள்ளே திருப்பப் பார்த்தேன். தம்பி வலது கையால் கதவு நிலையைப் பற்றிக்கொண்டு விடவில்லை. அந்த விரல்களைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. உள்ளே ஒருவர் அளவு கொடுக்கக் காத்திருந்தார். காத்திருக்கட்டும் என்று நானும் அங்கேயே நின்றேன்.